குதிக்கும் வண்டிக்குப் பட்டை சேர்க்கலாமா? வாசலிலேயே ஒரு பத்து நிமிடச் சோதனை!

விடியற்காலை நான்கரை மணி. நெடுங்காட்டுப் பக்கமிருந்து கீரைக்கட்டும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை காரைக்காலை நோக்கி வருகிறது. சாலை ஒன்றும் மோசமில்லை. ஆனால், வாய்க்காலைக் கடக்கும் ஒவ்வொரு சிறுபாலத்திலும் வண்டி எழும்பி விழுகிறது. விழுந்ததோடு நிற்பதில்லை. இன்னொரு முறை எழும்புகிறது, மறுபடியும் எழும்புகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த பாலம் வந்துவிடுகிறது. பின்னால் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் அடிப்பெட்டிக் காய் நசுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வரும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

டெல்டாவில் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. களிமண் மேல் போட்ட சாலை வருடத்துக்கு வருடம் அமுங்கும். வாய்க்காலின் குறுக்கே கட்டிய சிறுபாலம் அந்த அளவுக்கு அமுங்காது. அதனால் பாலத்தின் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு மேடு. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்று ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் காரைக்கால் வட்டாரத்தில், பத்து கிலோமீட்டர் போனால் இப்படி எத்தனை மேடு என்று எண்ணி முடியாது.

இந்தக் குதியலோடு பட்டறைக்குப் போனால், பல இடங்களில் கிடைக்கும் பதில் இதுதான்: "கட்டு வீக்காயிடுச்சுண்ணே. ஒரு பிளேட் சேர்த்துட்டா சரியாப் போயிடும்." சேர்க்கிறார்கள். மூட்டை ஏற்றிப் பார்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது, உரிமையாளருக்கும் திருப்தி. சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் வினை தெரிகிறது. முன்பைவிட அதிகமாகத் தூக்கிப்போடுகிறது.

காரணம் எளிது. குதிப்பதற்குப் பட்டை பலவீனமானது பெரும்பாலும் காரணமே இல்லை.

வில்லும் சிரிஞ்சும்

அந்தக் காலத்து வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் வித்தியாசமே, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இரும்புப் பட்டைகள்தான். வில் போல வளைந்த பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். இன்றைக்குக் குட்டியானையின் அடியிலும் ஆம்னி வேனின் பின் அச்சிலும் இருப்பது அதே வில்தான். லாரிக்காரர்கள் அதைக் 'கட்டு' என்கிறார்கள்.

வில்லின் வேலை எடையைத் தாங்குவதும், பள்ளத்தில் அமுங்கிக் கொடுப்பதும். அமுக்கிய வில் திரும்ப நிமிரத்தானே செய்யும்? நிமிர்ந்த வேகத்தில் கொஞ்சம் மேலேயும் போகும், மறுபடி கீழே வரும். தறியில் கட்டிய கயிற்றைச் சுண்டிவிட்டால் அதிர்ந்துகொண்டே இருப்பதைப் போல. வில்வண்டியில் இது தொல்லையாக இல்லாததற்கு இரண்டு காரணங்கள். மாடு ஓடும் வேகம் குறைவு. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது அந்த உரசலே ஆட்டத்தைத் தின்றுவிடும்.

மோட்டார் வண்டிக்கு அந்த உரசல் போதாது. அதனால்தான் ஷாக் அப்சார்பர் வந்தது. பெயரைக் கேட்டால் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான் என்று தோன்றும். உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில்லின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

அது எப்படி அடக்குகிறது? மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து, மெல்லிய ஊசியை மாட்டி வேகமாக அழுத்திப் பாருங்கள். கை வலிக்கும். மெதுவாக அழுத்தினால் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். ஷாக்கின் உள்ளேயும் இதே கதைதான். ஒரு குழாய், அதற்குள் ஆயில், சின்னத் துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கி வர வேண்டும். வில்லில் இருந்த வேகம் ஆயிலில் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். குழாய் வாயில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்து ஆயில் கசிந்துவிட்டாலோ, உள்ளே வால்வு தேய்ந்துவிட்டாலோ, ஊசி கழன்ற சிரிஞ்சுதான். அழுத்தினால் எந்த எதிர்ப்பும் இருக்காது. வில் தன்னிஷ்டத்துக்கு ஆடும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதன் முன் அச்சில் பாரபோலிக் என்ற வகைப் பட்டையைக் கொடுத்தார்கள். அதில் பட்டைகளின் எண்ணிக்கை குறைவு, நடுவில் தடித்தும் முனையில் மெலிந்தும் இருக்கும். எடையும் குறைவு, ஓட்டமும் மிருது. ஆனால், பட்டைகளுக்கு இடையில் உரசல் குறைவு என்பதால் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு கிட்டத்தட்ட முழுவதும் ஷாக்கின் தலையில்தான். இப்படிப்பட்ட வண்டியில் ஷாக் போனால் உடனே தெரியும்.

துள்ளலா, குலுக்கலா, அலைச்சலா?

பட்டறைக்குப் போய் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் எதை வேண்டுமானாலும் கழற்றலாம். எப்படி ஆடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் போய்வந்தால் அது துள்ளல். சந்தேகம் ஷாக் மேல்தான். பிரேக் போட்டால் மூக்கு குத்துவதும், கிளம்பும்போது பின்புறம் அமுங்குவதும் இதோடு சேர்ந்தே வரும்.

ஒவ்வொரு சின்னக் கல்லும் 'டம், டம்' என்று முதுகில் அடித்தால் அது குலுக்கல். இங்கே வில் ஆடவே இல்லை என்று அர்த்தம். டயரில் காற்று அதிகமாக இருக்கலாம், அல்லது பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கலாம். கடலோரத்தில் இரண்டாவது ரொம்பச் சகஜம். இதற்குப் புது ஷாக் போட்டால் பணம்தான் போகும்.

வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்ந்து, நேராக வர நேரம் எடுத்தால் அது அலைச்சல். ஷாக்கும் காரணமாக இருக்கலாம், ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் செய்யும். புஷ் என்றால் பட்டையும் ஷாக்கும் வண்டியோடு சேரும் இடங்களில் உள்ள ரப்பர் வளையம். அது போய்விட்டால் பள்ளத்தில் 'கட கட' என்று ஒரு சத்தமும் கேட்கும்.

இன்னொன்று உண்டு. நல்ல சாலையில், குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். நாகப்பட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் எடுக்கும்போது சிலர் இதைக் கவனித்திருப்பார்கள். இதற்கும் ஷாக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. வீல் பேலன்ஸ் பார்க்க வேண்டும், டயரில் எங்காவது வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடச் சோதனை

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். சிமென்ட் களம் இருந்தால் நல்லது.

முதல் வேலை காற்று. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதனால் டயர் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ இருக்கும். பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார், அதை நம்ப வேண்டாம். குதிக்கிறது என்று புலம்பிய வண்டிகளில் சில, காற்றைச் சரிசெய்ததுமே அடங்கிவிடும்.

அடுத்து, டேப் எடுத்து ஒவ்வொரு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கம் பட்டை முறிந்திருக்கிறது அல்லது சுருள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டைதான் உண்மையிலேயே குற்றவாளி என்பதற்கு இதுதான் அடையாளம். குதிப்பது அதற்கு அடையாளம் அல்ல.

மூன்றாவது, அழுத்திப் பார்ப்பது. கார், ஆம்னி மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் போட்டு மூன்று நான்கு முறை தாளத்தோடு அமுக்குங்கள். கீழே போயிருக்கும்போது சட்டென்று கையை எடுத்துவிடுங்கள். வண்டி எழும்பி, கொஞ்சம் இறங்கி, நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் அந்த மூலை ஷாக் போய்விட்டது. சரக்கு வண்டியில் பட்டை விறைப்பாக இருக்கும் என்பதால் கையால் அமுக்கினால் ஒன்றும் தெரியாது. பின் பம்பரில் இரண்டு பேர் ஏறி நின்று அமுக்கி, ஒரே நேரத்தில் குதித்து இறங்கிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதி உயிரோடு இருக்கும் ஷாக் மெதுவான ஆட்டத்தை அடக்கிவிடும், வேகமான ஆட்டத்தில் கைவிட்டுவிடும். அதனால் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். ஷாக்கின் மேல் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்து, அதன் மேல் புழுதி அப்பிக் கறுப்பாக இருந்தால் சீல் போய்விட்டது. அப்படியே டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். கொஞ்ச தூரம் மேடு, கொஞ்ச தூரம் பள்ளம் என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால், சக்கரம் தரையில் நிற்காமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

பழைய ஓட்டுநர்கள் வைத்திருக்கும் வழி ஒன்று இருக்கிறது, இதற்குக் கருவியே தேவையில்லை. மோசமான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும், நான்கு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுதான் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே போகும், கை பத்திரம்.

காலி வண்டி மட்டும் ஏன் குதிக்கிறது?

'லோடு ஏற்றினால் அமைதியாகப் போகிறது, காலியாக வந்தால்தான் தூக்கிப்போடுகிறது' என்பது சரக்கு வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஓரளவுக்கு இது இயல்புதான். முக்கால் டன்னைத் தாங்குவதற்கென்று செய்த வில், காலியாக இருக்கும்போது வளைந்து கொடுக்காது. பள்ளத்தின் அடி அப்படியே மேலே வரும். முழு லோடுக்கு அடித்த காற்றோடு காலியாகத் திரும்பினால் இன்னும் மோசம். புத்தகத்தில் காலி வண்டிக்கு ஓர் அளவு, லோடுக்கு ஓர் அளவு என்று தனித்தனியாகக் கொடுத்திருந்தால் அதைக் கடைப்பிடிக்கலாம்.

ஆனால், புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகக் குதிக்கிறது என்றால் அது இயல்பில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பழகிப்போய்விடும். அதே மாதிரி வண்டியைப் புதிதாக வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, அதே சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

முட்டைக் கூடையும் உழுத வயலும்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தப் பிரான்ஸில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிட்ரோயன் நிறுவனம் சிறு விவசாயிகளுக்கென்று ஒரு கார் செய்ய முயன்றது. அதன் தலைவர் பியேர் புலான்ஜே தன் பொறியாளர்களுக்குப் போட்ட கட்டளை இன்றும் பேசப்படுகிறது. குடியானவர்கள் உட்கார வேண்டும், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது! 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த அந்தக் கார்தான் 2சிவி.

முட்டையைக் காப்பாற்ற அவர்கள் வில்லை விறைப்பாக்கவில்லை. முடிந்த அளவு மிருதுவாக்கினார்கள். சக்கரம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறி இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்த ஆட்டம் தொடராமல் அடக்க மட்டும் தனியாக ஏற்பாடு செய்தார்கள். கரடுமுரடான தரைக்கு மிருதுவான வில்லும் நல்ல அடக்கமும்தான் மருந்து. நம் ஊரில் ஒரு பிளேட்டைச் சேர்ப்பது இதற்கு நேர் எதிர்த் திசையில் போவது.

பட்டை சேர்த்தால் என்ன ஆகும்?

கூடுதல் பட்டை வில்லை விறைப்பாக்குகிறது. விறைத்த வில் வேகமாகவும் பலமாகவும் எதிர்த்தடிக்கும். அதை அடக்க முன்பைவிட வலுவான ஷாக் வேண்டும், ஆனால் அங்கே இருப்பதோ ஏற்கெனவே செத்துப்போன ஷாக். அதனால்தான் காலி வண்டி இன்னும் அதிகமாகக் குதிக்கிறது.

அதோடு முடிவதில்லை. பட்டை சேர்த்த வண்டி பின்புறம் நிமிர்ந்து நிற்பதால், 'இன்னும் ஏற்றலாம்' என்ற தைரியம் வந்துவிடும். ஏஸ் போன்ற முக்கால் டன் வண்டிக்கு 60 கிலோ மூட்டை 12 ஏற்றினாலே 720 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சம்பா அறுவடை நேரத்தில் இருபது மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளையும் பார்க்கலாம். அது 1,200 கிலோ. பட்டை வேண்டுமானால் அதைத் தாங்கும். அச்சு, சேஸிஸ், டயர், பிரேக் எல்லாம் பழைய கணக்குப்படி செய்தவைதானே? பட்டறையில் சேர்த்த ஒரு பிளேட்டால் பிரேக்கின் பலம் கூடிவிடாது.

ஷாக் போன வண்டியில் பிரேக் ஏற்கெனவே பாதிதான். பிரேக் பிடிப்பது டயர் தரையில் ஊன்றி நிற்கும்போது மட்டும்தான். குதிக்கும் சக்கரம் கொஞ்ச நேரமாவது காற்றில் இருக்கும், அல்லது தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு ஓடும். மழை பெய்த சாலையில், திருநள்ளாறு போகும் கூட்டத்துக்கு நடுவில், திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால் அந்த வித்தியாசம் ஓர் உயிராக இருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடுதான். எந்தப் பக்கம் போனாலும் எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லையில் வண்டியை நிறுத்தி எடை போடுகிறவர், பட்டறைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

பட்டை முறிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. முறிந்த பட்டைக்குப் பதில் அதே அளவு, அதே தடிமன், அதே எண்ணிக்கை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டைகள் அமர்ந்ததும் போல்ட் தளரும். தளர்ந்த போல்ட்டோடு ஓட்டினால் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சே இடம் மாறிவிடும்.

ஷாக் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று மட்டும் போயிருந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒருபக்கம் புதுசு, ஒருபக்கம் பழசு என்றிருந்தால் பள்ளத்திலும் பிரேக்கிலும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். முன் அச்சு நன்றாக இருந்தால் நான்கையும் மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறவரிடம் காரணம் கேளுங்கள்.

கழற்றிய பழைய ஷாக்கை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள். வண்டியில் இருந்ததைப் போல நேராக நிறுத்தி, கையால் இழுத்தும் அமுக்கியும் பாருங்கள். நல்ல ஷாக் இழுக்கும்போது அதிகமாகவும் அமுக்கும்போது குறைவாகவும் எதிர்க்கும், இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும். நடுவில் எங்காவது 'லொடக்' என்று எதிர்ப்பே இல்லாமல் போனால், மாற்றியது சரிதான். நன்றாக இருந்ததைக் கழற்றியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

புது ஷாக்கையும் மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுவதுமாக இழுத்து அமுக்க வேண்டும். கடையில் படுக்கப்போட்டு வைத்திருந்ததில் உள்ளே காற்று போன இடத்தில் நிற்கும், இப்படிச் செய்தால் வெளியேறும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. மாட்டிய அன்றே 'புதுசும் சரியில்லை' என்று சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம்னியில் பின் ஷாக்கைக் கழற்ற இரண்டு போல்ட்தான். கை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்கவே கூடாது. நம் மண் இளகிய மண், ஜாக்கி சாயும். அடியில் தடித்த பலகை, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்திருக்கும் ஸ்ட்ரட் வேலையை வீட்டில் தொடவே வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் கை தவறி விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். அதற்குரிய கருவி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுதியாக முடுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முடுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

பழைய ஷாக்கைத் துளைபோட்டு, ஆயில் நிரப்பி, வெல்டு வைத்துத் தரும் இடங்களும் உண்டு. விலை குறைவுதான். தேய்ந்த வால்வும் கிழிந்த சீலும் உள்ளே அப்படியேதான் இருக்கும், ஆயில் மட்டும் புதுசு. அது மறுபடி வெளியே வர ஒரு மழைக்காலம் போதும்.

உப்புக் காற்றும் கழிவு ஆயிலும்

திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி, நிரவி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வண்டியின் அடிப்பாகம் சீக்கிரம் துருவேறும். அதைத் தடுக்கப் பலர் செய்வது, என்ஜினிலிருந்து எடுத்த கழிவு ஆயிலை அடி முழுவதும் அடிப்பது. இதில் இரண்டு கெடுதல். ஆயில் பட்ட ரப்பர் புஷ் ஊதி, இளகி, நாசமாகும். அடி முழுவதும் ஆயில் வழியும்போது, ஷாக்கிலிருந்து கசியும் ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரேக் டிரம் பக்கம் பட்டுவிட்டால் அது வேறு ஆபத்து.

அதற்குப் பதில் நல்ல தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தாலும், கடற்கரைப் பக்கம் போய்வந்தாலும், அன்றைக்கே மோட்டார் தண்ணீரைக் குழாய் வழியாக அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வாய்க்கால் தண்ணீரோ குடிதண்ணீரோதான் சரி. ஷாக்கின் பளபளப்பான தண்டை மூடியிருக்கும் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயலிலிருந்து ஏறிய களிமண் அந்தத் தண்டில் காய்ந்து ஒட்டினால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலைக் கத்திபோல அறுக்கும். உறை சின்னச் சாமான்தான், அது கிழிந்ததால்தான் பல ஷாக்குகள் வயதுக்கு முன்பே போகின்றன.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய ஆம்னிக்கு ஊர்ப்புறத்தில் இன்னும் கிராக்கி இருக்கிறது. பால் கேன், வாழை இலைக்கட்டு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கப் போகும்போது பெயின்ட்டையும் சீட் கவரையும் பார்ப்பவர்கள் அதிகம். மூலைக்கு மூலை அமுக்கிப் பார்ப்பவர் குறைவு.

பின் பட்டையில் எத்தனை பிளேட் இருக்கிறது என்று எண்ணுங்கள். அதே மாதிரி இன்னொரு ஆம்னியில் எத்தனை என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு போவது நல்லது. ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மேல் பாரம் சுமந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது சேஸிஸில் வெல்டு வைத்த அடையாளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பட்டைகளுக்கு நடுவில் செம்மண் நிறத்தில் மெல்லிய ஒரு கோடு குறுக்கே ஓடினால், அது விரிசலில் ஊறிய துரு. டயரைத் தடவிப் பாருங்கள். விற்பவர் வாசலில் வண்டியைக் கழுவி ஆயில் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தால், அங்கேயே விலை பேச வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, நிறுத்தியதும் கீழே குனிந்து ஷாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நான்கில் இரண்டு குளிர்ந்திருந்தால், அந்த இரண்டின் விலையும் மாட்டுக்கூலியும் கேட்கும் தொகையில் கழிய வேண்டியவை.